கலி வைத்த டியூனிக்: நேர்த்துணி விரிந்து விழுவது எப்படி

முழங்கால் வரை இறங்கும் டியூனிக் என்ற தளர்வான மேலுடையை வெறும் செவ்வகத் துண்டுகளால் தைப்பதாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 96 செ.மீ. உடம்பில் இறுக்காமல் இருக்க 12 செ.மீ. சேர்த்தால் 108 ஆகிறது. செவ்வகம் என்பதால் மார்பில் இருக்கும் அதே 108தான் இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கும். நிற்கும்போது குறை தெரியாது. படி ஏறினால் முழங்கால் துணியில் முட்டும். எட்டி நடந்தால் துணி காலைப் பிடித்து இழுக்கும். குதிரைமேல் ஏற வேண்டியவர் இடுப்புவரை சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான். சரி, மொத்த அகலத்தையும் கூட்டிவிடலாம் என்றால் தோளிலும் அக்குளிலும் துணி மூட்டை கட்டி நிற்கும்.

மேலே அளவாகவும் கீழே தாராளமாகவும் வேண்டும். தறியிலிருந்து துணியோ ஒரே அகலத்தில்தான் வருகிறது. இந்தச் சிக்கலுக்கு இடைக்கால ஐரோப்பியத் தையல்காரர்கள் கண்ட விடை முக்கோணத் துண்டு. நம் தையற்கடைகளில் இதைக் கலி என்பார்கள். உடலுக்கான செவ்வகத் துண்டைக் கீழிருந்து மேலாகப் பிளந்தோ, பக்கத் தையலைத் திறந்துவிட்டோ, அந்த இடைவெளியில் கூர்முனை மேலாக இதைப் பொருத்துவார்கள். மார்பளவு மாறாது. கலியின் முனையிலிருந்து கீழே இறங்க இறங்கச் சுற்றளவு கூடிக்கொண்டே போகும். வட இந்தியாவின் கலிதார் குர்தாவும் இதே கணக்கில் உருவானதுதான்.

புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் கலியின் அகலத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். அகலம் முக்கியம்தான். ஆனால் கலி உடம்பில் எந்த உயரத்தில் தொடங்குகிறது, அதன் ஓரங்கள் துணியின் இழைக்கு எந்தச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கின்றன என்ற இரண்டுமே துணி விழும் அழகை முடிவு செய்கின்றன. அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

மண்ணுக்குள் கிடைத்த சாட்சிகள்

ரோமானியரின் டியூனிக்கில் கலி கிடையாது. அகலமான செவ்வகத்தை இடைக்கச்சையால் கட்டிக்கொண்டார்கள். அந்த அகலமே மடிப்பு மடிப்பாக விழுந்தது. எகிப்தில் பிற்காலத்தில் வழங்கிய காப்டிக் (எகிப்தியக் கிறித்தவர்) டியூனிக்குகள் பல, கையோடு சேர்த்துச் சிலுவை வடிவத்தில் தறியிலேயே ஒரே துண்டாக நெய்யப்பட்டவை. வெட்டுவதற்கே அங்கு வேலை இல்லை. உடலோடு ஒட்டிய மேற்பகுதியும் குறுகலான கையும் கொண்ட உடைகளில்தான் கீழ்ப்பகுதிக்குத் தனியாகத் துணி சேர்க்கும் தேவை எழுகிறது.

அப்படிப்பட்ட உடைகள் இன்று நம் கைக்கு எட்டுவதற்குக் காரணம் சதுப்பு நிலமும் உறைபனியும்தான். நார்வேயின் ஆன்டாயா தீவில், ஷோல்டஹாமனில், 1936-ல் கிடைத்த 11-ஆம் நூற்றாண்டு டியூனிக்கில் கலிகள் உண்டு. அதே 1936-ல் ஸ்வீடனின் வார்பெரி நகருக்கு அருகில், கழிகள் அறையப்பட்டுச் சதுப்பில் புதைந்திருந்த 14-ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டார். போக்ஸ்டென் மனிதர் என்று அழைக்கப்படும் அவருடைய மேலாடையும் தலைமூடியும் போர்வையும் உடம்போடு கிடைத்தன. அந்த மேலாடையிலும் கலி உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மிகவும் பிடித்தவை கிரீன்லாந்தின் தென்முனையில் உள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையில் கிடைத்த கம்பளி உடைகள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துக்காக 1921-ல் போல் நோர்லுண்ட் அங்கே அகழ்ந்தார். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து அங்கு குடியேறியிருந்த நார்ஸ் மக்கள் இறந்தவர்களில் பலரைப் பழைய உடைகளில் சுற்றியே புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தத் துணியைக் காத்துத் தந்தது. அரசர்களின் பட்டாடை எங்காவது ஒரு கோயில் கருவூலத்தில் தப்பிப் பிழைக்கும். சாதாரண மனிதர் உடுத்திக் கழித்த உடை தையலோடும் ஒட்டோடும் கிடைப்பது அபூர்வம். தைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொக்கிஷம் வேறில்லை.

அங்கு கிடைத்த சில அங்கிகளின் வெட்டு வியக்க வைக்கிறது. முன்னும் பின்னும் நடுவில் பிளந்து கலி வைத்திருக்கிறார்கள். பக்கங்களில் ஒற்றை முக்கோணத்தோடு நிறுத்தாமல், கைக்குழிவரை ஏறும் குறுகிய நீளத் துண்டுகள் பலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் மேலே ஒடுங்கிக் கீழே விரிகிறது. டார்ட் (துணியைக் கிள்ளி ஒடுக்கும் தையல்) ஒன்றுகூட இல்லாமல் அந்த ஒடுக்கமே இடையின் வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது.

மிச்சம் விடாத வெட்டு

மின்சாரம் இல்லாத காலத்தில் துணி எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் கலியின் வடிவம் புரியும். வடக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புழங்கிய நெடுந்தறியில் பாவு நூல்களின் அடியில் கல்லோ மண்கட்டியோ எடையாகத் தொங்கும். நெய்வதைவிட அதற்கான நூலைக் கதிரில் நூற்பதற்கே அதிக நேரம் ஆனது. அத்தனை உழைப்பில் வந்த துணியை வளைத்து வெட்டி மூலைத்துண்டுகளை எறிய யாருக்கு மனம் வரும்? செவ்வகமும் முக்கோணமும் மிச்சம் விடாமல் ஒன்றோடொன்று அடங்கிவிடும்.

இதை நம் அளவில் செய்து பார்க்கலாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 44 அங்குல அகலத் துணி, அதாவது ஏறக்குறைய 112 செ.மீ., போதும். தோளிலிருந்து முழங்கால்வரை 105 செ.மீ. என்று கொள்வோம். முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் மடியும் ஒரே நீளத் துண்டு. அகலம் 54 செ.மீ.; தையலுக்கு இருபுறமும் ஒன்றரை சேர்த்து 57. நீளம், கீழ் மடிப்புக்கு விடுவதையும் சேர்த்து, 216. பக்கத்தில் 55 செ.மீ. அகலப் பட்டை ஒன்று மிஞ்சுகிறது அல்லவா, அதில் இரண்டு கைகளும் அக்குளுக்கான சிறு சதுரங்களும் வந்துவிடும்.

அடுத்து கலி. இடையிலிருந்து தொடங்குவதாக வைத்தால் தோளிலிருந்து 42 செ.மீ. கீழே முனை வரும். அங்கிருந்து கீழ்விளிம்புவரை 63 செ.மீ. ஒவ்வொரு கலியின் அடியும் 48 செ.மீ. இருக்கட்டும். மொத்தம் நான்கு கலிகள்: முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. துணியின் முழு அகலத்தில் 68 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு, முக்கோணங்களை ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் வரையுங்கள். மூன்று முழுக் கலிகள் வரும். இரு ஓரத்திலும் பாதிப் பாதியாக மிஞ்சும் செங்கோண முக்கோணங்கள் இரண்டையும் சேர்த்தால் நான்காவது கலி. முனையைக் கூராக வரையாமல் 3 செ.மீ. தட்டையாக விடுங்கள், அடியிலும் அதே 3 செ.மீ. கூட்டி 51 என்று வரையுங்கள். தையலுக்கான இடம் அதிலேயே அடங்கிவிடும். நடுவில் தையல் விழும் அந்த நான்காவது கலியைப் பின்பக்கம் வைத்துவிடலாம்.

மொத்தத் துணி 2.85 மீட்டர்தான். தரையில் கிடக்கும் மிச்சமோ கைகளுக்கு அருகே சில பட்டைகள் மட்டும். ஒரே திசையில் பூவேலைப்பாடு ஓடும் துணியில் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. தலைகீழாக வெட்டிய கலியில் பூவும் தலைகீழாக நிற்கும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கலியின் நடுக்கோடு 63 செ.மீ. என்றால் அதன் சாய்ந்த ஓரம் 63 இருக்காது, ஏறத்தாழ 67½ வரும். உடல் துண்டின் பிளவோ 63தான். தைத்து முடித்ததும் கலியின் இரு மூலைகளும் நான்கரை செ.மீ. கீழே தொங்குவது அதனால்தான். தவறாக வெட்டிவிட்டோமோ என்று பதற வேண்டாம். முனையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு 63 செ.மீ. தொலைவில் வில்லாக ஒரு கோடு போட்டு, வெளியே நிற்பதைக் கடைசியில் வெட்டிவிட வேண்டும். அப்போது அடி 48-லிருந்து ஏறத்தாழ 46 ஆகக் குறையும். நான்கு கலியும் சேர்ந்து உடையின் கீழ்ச் சுற்றளவை 108-லிருந்து ஏறக்குறைய 290 செ.மீ. ஆக்கிவிடும். குதிரை ஏறவும் இது போதும்.

நேர் இழையும் கிராஸும்

துணியைப் பாவு ஓடும் நீளவாட்டில், அதாவது நேர் இழையில், பிடித்து இழுத்தால் அசையாது. ஊடை ஓடும் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, அதாவது 45 டிகிரிச் சாய்வில் இழுத்தால் நன்றாக நெகிழும். இதைத்தான் தையற்காரர்கள் கிராஸ் என்கிறார்கள். நம் கலியின் ஓரம் நேர் இழைக்கு 21 டிகிரிச் சாய்வில் இருக்கிறது. முழுக் கிராஸ் அல்ல; ஆனாலும் தொங்கவிட்டால் தன் எடையிலேயே மெல்ல நீளும்.

ஆகவே ஒரு விதி: சாய்ந்த ஓரம் நேர் ஓரத்தோடு சேர வேண்டும். உடல் துண்டின் பிளவு நேர் இழையில் இருக்கிறது. கலியின் சாய்ந்த ஓரத்தை அதனோடு தைத்தால் நேர் ஓரம் மற்றதைத் தாங்கிப் பிடிக்கும். நடுக்கோடு நேர் இழையில் ஓடுவதால் கலியும் கோணாமல் விழும்.

பிசகு நேர்வது அந்த இரண்டு பாதிகளில்தான். செங்கோண முக்கோணத்தில் ஓர் ஓரம் நேர், ஓர் ஓரம் சாய்வு. நேர் ஓரங்கள் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். சாய்ந்த ஓரங்கள் வெளியே உடலைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் நடுத் தையலில் கிராஸும் கிராஸும் சேர்ந்துவிடும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத அந்தத் தையல் நாளடைவில் நெளிந்து, கீழ்விளிம்பு நடுவில் தொங்கிப் போகும். வெட்டியவுடன் பாதிகளின் நேர் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் குழப்பமே வராது.

மெஷினில் தைக்கும்போது கலியை அடியிலும் உடல் துண்டை மேலேயும் வையுங்கள். ஊசிக்கு அடியில் உள்ள பற்கள் கீழ்த்துணியை இழுத்துச் செல்வதால் நெகிழும் துணி அடியில் இருந்தால் தானாக அடங்கிவிடும். எப்போதும் முனையிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள். கூடுதலோ குறைவோ வந்தால் அது விளிம்புக்கு இறங்கி, வெட்டில் போய்விடும். கீழிருந்து மேலே தைத்தால் அந்த உபரி முழுவதும் முனையில் வந்து சுருங்கும்.

எங்கே தொடங்குவது

கலியின் முனை எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு பிறக்கிறது. இதை மனத்தில் வைத்தால் மற்றவை எளிது.

இடையில் தொடங்கும் கலி உடம்பின் வளைவோடு சேர்ந்து இறங்கும். இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்கினால், இடுப்பைச் சுற்றத் தேவையான துணி கிடைக்காமல் அந்த இடம் இறுகும்; அதற்குக் கீழே திடீரென்று விரிந்து துருத்தும். அக்குளுக்கு அருகிலேயே தொடங்கும் பக்கக் கலி உடையை மேலிருந்தே மெதுவாக விரிய வைக்கும். ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் அங்கிகளின் சீரான வீழ்ச்சிக்கு, கைக்குழிவரை போகும் அந்தப் பக்கத் துண்டுகளே காரணம் என்பது என் எண்ணம். வயிறு முன்தள்ளியவருக்கு முன் கலியை வயிற்றின் மேட்டில் தொடங்கக் கூடாது. முனை மேட்டில் உட்கார்ந்தால் துணி அங்கேயே இழுபட்டு, கலி முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். விலா எலும்பு முடியும் இடத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

எத்தனை கலி என்பதும் இதோடு சேர்ந்ததே. நடுவில் பிளக்கப் பயந்து, பக்கத்துக்கு 96 செ.மீ. அடி கொண்ட ஒரே கலியாக வைத்துவிடலாம் என்று தோன்றும். சுற்றளவு ஒன்றுதானே? ஆனால் அந்தக் கலியின் முனைக்கோணம் 75 டிகிரியைத் தொடும். துணி முழுவதும் இரு பக்கமும் குவிந்து தொங்க, முன்னும் பின்னும் பலகையாக நிற்கும். அதே துணியை நான்காகப் பிரித்தால் கோணம் 42 டிகிரிக்குள் அடங்கி, மடிப்பு சுற்றிலும் பரவும். கலி குறுகலாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் ஆக ஆக வீழ்ச்சி உருண்டு அழகாகும். தையல் வேலையும் கூடும். முதல் உடைக்கு நான்கு போதும்.

துணியின் பங்கையும் சொல்ல வேண்டும். கனமான கம்பளி குறைவான, பெரிய, உருண்ட மடிப்புகளாக விழும். மெல்லிய பருத்தி பல சிறு மடிப்புகளாக விழும். கஞ்சி ஏறிய புதுப் பருத்தியோ விழாது, விறைத்து நிற்கும். துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். நம் வெயிலில் கம்பளி உடுத்த முடியாது. லினன் துணி கையாளக் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் துவைக்கத் துவைக்க அருமையாக இழையும். அன்றைய ஐரோப்பியர் உள்ளே அணிந்த சட்டைகளுக்கும் அதுவே பொருள். முதல் முயற்சிக்குக் காடாத் துணி போதும்.

முனை

பக்கக் கலிகளுக்குப் பிளவு வேண்டாம். பக்கத் தையல் அங்கே ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. முன், பின் கலிகளின் முனையில்தான் கைத்திறன் தெரியும்.

நெய்து, நனைத்து, தேய்த்து இறுக்கிய கம்பளியின் வெட்டு ஓரம் எளிதில் பிரியாது. ஆகையால் அதில் பிளவின் உச்சிவரை தைரியமாக வெட்டலாம். பருத்தியில் அப்படி இல்லை. பிளவின் உச்சியில் தையலுக்கு விட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். நூல் உருவிக்கொண்டால் அதுவும் போயிற்று. எனவே வெட்டும் முன்பே காப்பு வேண்டும்.

முன்பக்க நடுவில், ஓர் இழையை ஒட்டி, 63 செ.மீ. கோடு போடுங்கள். உச்சியின் பின்புறம் இரண்டு விரல் அகலச் சதுரத் துணியொன்றை வைத்து, தலைகீழ் 'வி' வடிவில், உச்சியை இறுக்கமாகச் சுற்றி நெருக்கமான சிறு தையல் போடுங்கள். இப்போது கோட்டில் வெட்டி, அந்தத் தையலுக்கு ஓர் இழை முன்னால் நிறுத்துங்கள். கத்தரிக்கோல் சிறியதாகவும் நுனி கூராகவும் இருக்கட்டும். கலியில், தட்டை முனையிலிருந்து ஒன்றரை செ.மீ. கீழே, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியும் பிளவின் உச்சியும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும்.

குண்டூசி குத்தி, புள்ளியிலிருந்து ஒரு பக்கம் கீழே தைத்து நூலை அறுத்துவிடுங்கள். மறுபடி அதே புள்ளியிலிருந்து மறுபக்கம். ஒரு பக்கம் ஏறி முனையில் திரும்பி மறுபக்கம் இறங்கும் ஆசை வேண்டாம். முதல் மூன்று, நான்கு செ.மீ. மட்டும் கை ஊசியால் கெட்டித் தையல் போட்டுவிட்டு மீதியை மெஷினில் முடிப்பது எனக்கு எப்போதும் நிம்மதியான வழி. பழைய உடைகள் முழுவதும் கைத்தையல்தானே. கலியின் பக்கம் தையல் இடம் முழுக்க ஒன்றரை செ.மீ. பிளவின் பக்கமோ உச்சியில் இரண்டு மில்லிமீட்டரில் தொடங்கி, கீழே போகப் போக ஒன்றரை செ.மீ. ஆகும்.

திருப்பிப் பாருங்கள். முனையின் ஒரு பக்கம் சின்னச் சுருக்கம் விழுந்திருந்தால், அந்தப் பக்கத் தையல் புள்ளியைத் தாண்டிப் போயிருக்கிறது என்று பொருள். இரண்டு தையலைப் பிரித்துப் புள்ளியிலிருந்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். ஓட்டை தெரிந்தால் தையல் புள்ளிக்குக் கீழே தொடங்கியிருக்கிறது. தையல் ஓரங்களை உடல் துண்டின் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். முனையில் குறுக்காக நாலைந்து சிறு தையல் இறுக்கமாகப் போட்டால் எட்டி நடக்கும்போது அங்கே கிழியாது.

உடல் துண்டு தட்டையாகக் கிடக்கும்போதே முன், பின் கலிகளை முடித்துவிடுங்கள். பிறகு கைகளையும் அக்குள் சதுரங்களையும் தைத்து, பக்கக் கலிகளை வைத்து, கை நுனியிலிருந்து கீழ்விளிம்புவரை மூடிவிடலாம்.

விளிம்பு

உடனே விளிம்பை மடிக்கக் கூடாது. கலியின் சாய்ந்த ஓரங்கள் இன்னும் இறங்கவில்லை. உடையைத் தோள் நன்றாகத் தாங்கும் ஹேங்கரில் மாட்டி ஓர் இரவாவது தொங்கவிடுங்கள்; கனத்த துணியாக இருந்தால் இன்னொரு நாளும் விடலாம். நேர் இழையில் இருக்கும் உடல் பகுதி அப்படியே இருக்க, தையலை ஒட்டிய கலிப் பகுதி மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

பிறகு உடையை அணிந்து, இடைக்கச்சையும் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கச்சை கட்டியதும் துணி மேலே எழும்பி விளிம்பு சில செ.மீ. உயரும், கலியின் முனைகளும் கூடவே ஏறும். கச்சை இல்லாமல் அளந்தால் உடை நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். இன்னொருவர் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறிக்கட்டும். குறிக்குக் கீழே ஒன்றரை செ.மீ. விட்டு மீதியை வெட்டுங்கள். விளிம்பு வளைந்திருப்பதால் அகலமான மடிப்பு சுருக்கம் கொடுக்கும். முக்கால் செ.மீ. வீதம் இரண்டு முறை மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தால் விளிம்பு இழுக்காமல் நிற்கும்.